இருக்கறதப் போடுங்க, அண்ணி

ஜூன் 3

குருவிக்கு அண்ணி எழுதறது. இங்க நானும் உங்கண்ணனும் நடமாட்டத்துக்குக் குறையில்லாம இருக்கோம். நீ எப்படி இருக்க? அந்த வறட்டு இருமல் விட்டுச்சா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குதா? ஒண்ணு விடாம பதில் எழுது.

என் எழுத்தப் பாத்துச் சிரிக்காத. முதியோர் வகுப்புல படிச்சது இவ்வளவுதான். பேசற மாதிரி எழுதக் கூடாதுன்னு அந்த டீச்சரம்மா சொன்னாங்க. பின்ன எப்படி எழுதறதுன்னு சொல்லித் தர்றதுக்குள்ள வகுப்ப மூடிட்டாங்க. போன் பேசலாம்னா மருந்துக்கடைக்குப் போகணும். நான் பேசறது உனக்குக் கேக்குதோ இல்லையோ, கடையில நிக்கற அத்தனை பேருக்கும் கேக்கும். அதனால கடுதாசியே மேல்.

முதல்ல ஆட்டுக் கதையச் சொல்லிடறேன், இல்லன்னா மறந்துடும். எதிர்வீட்டுத் தையல்காரி வளக்கறாளே ஒரு ஆடு, அது தின்னாத பொருள் கிடையாது. துணி காயப்போட்டா துணி, சுவத்துல போஸ்டர் ஒட்டினா போஸ்டர். போன வாரம் அது செங்கச்சூளைக்கு மண்ணெடுத்த பள்ளத்துல இறங்கி முள்ளுக்கத்தரிச் செடியில வாய வச்சிருக்கு. உதடு பன்னு மாதிரி வீங்கிப்போய் வந்து நின்னுச்சு. தையல்காரி சண்டைக்கு வந்துட்டா. “உன் வீட்டுக்காரரு கத்தரிக்கு விஷம் தெளிச்சிருக்காரா?”ன்னு கேக்கறா. “எங்க கத்தரிக்கு விஷம் வேற வேணுமாக்கும், அதுவே சாகுது”ன்னு நான் சொன்னேன். அவ ஆட்டப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா.

ஆமா குருவி. ரெண்டாவது தடவையும் போச்சு. பூ விட்டு, பிஞ்சு விட்டு, நல்லாத்தான் நின்னுச்சு. காலையில பாத்தா பச்சை. மத்தியானம் பாத்தா யாரோ வெந்நீர் ஊத்தின மாதிரி தலை தொங்குது. இலை பழுக்கல, பூச்சி இல்ல, பச்சையாவே சாகுது. தண்டை வெட்டி தண்ணியில வச்சா பால் மாதிரி வெள்ளையா ஒண்ணு இழுத்துக்கிட்டு வருது. உங்கண்ணன் ஒவ்வொரு செடியா வெட்டி வெட்டி டம்ளர்ல வச்சுப் பாத்தாரு. வீட்டுல குடிக்க டம்ளர் இல்ல.

அவரு பேசறத விட்டுட்டாரு. துண்டு எங்க, தண்ணி குடு, இவ்வளவுதான். அதையும் கையக் காட்டித்தான்.

நான் கேக்கறது என்னன்னா, எங்க வயல்ல ஓடற தண்ணிதான் சூளைப் பள்ளத்துல போய் நிக்குது. அந்த முள்ளுக்கத்தரி அதே தண்ணியில கால வச்சுக்கிட்டு எக்காளமா நிக்குது. அதுவும் கத்தரிதானே? அதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல? நீ செடிங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கற ஆபீஸ்லதானே இருக்க. யாரையாவது கேட்டுச் சொல்லு.

உடம்பப் பாத்துக்க. ராத்திரி தலைக்குக் குளிக்காத.

உன் அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். இருமல் போய்விட்டது, சாப்பாடுதான் போக மாட்டேன் என்கிறது, தினமும் அதேதான். அண்ணனுக்கு என் அன்பு. அவர் பேசாவிட்டாலும் நீங்கள் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படியுங்கள். காது இருக்கிறது அல்லவா.

நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். டம்ளர் விஷயத்தில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாடல் நோய் மண்ணில் இருக்கிறது அண்ணி. மருந்து அடித்துப் போக்க முடியாது. நம் கத்தரிக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. முள்ளுக்கத்தரிக்கு இருக்கிறது. அந்தச் சக்தியை மட்டும் வாங்கி நம் கத்தரிக்குக் கொடுக்க வேண்டும், கசப்பையும் முள்ளையும் விட்டுவிட வேண்டும். அதுதான் என் வேலை. காலையில் மொட்டைப் பிரித்து, ஆண் பாகத்தை இடுக்கியால் எடுத்துவிட்டு, அதன் மேல் முள்ளுக்கத்தரியின் மகரந்தத்தைத் தடவி, காகித உறை மாட்டுவேன். நூறு பூவில் தடவினால் ஒன்றிரண்டு காய் நிற்கும். அதைப் பிளந்தால் விதை இருக்காது. கல்யாணம் பண்ணி வைப்பது சுலபம் அண்ணி, குடும்பம் நடத்த வைப்பதுதான் கஷ்டம்.

இப்போது ஒரு சங்கடம். இந்த முள்ளுக்கத்தரி நம் சூளைப் பள்ளத்திலிருந்து டாக்டரம்மா முன்பு எடுத்து வந்ததுதான். குளிர் அறையில் வைத்திருந்த விதை கெட்டுவிட்டது. விதைத்ததில் ஒரே ஒரு செடிதான் முளைத்தது. மற்ற இடங்களில் தேடினார்கள், எல்லாம் வீடாகவும் சாலையாகவும் ஆகிவிட்டது. நம் பள்ளம் ஒன்றுதான் பாக்கி.

அதனால் நீங்களும் அண்ணனும் எனக்கு விதை எடுத்து அனுப்ப வேண்டும். காய் மஞ்சளாகப் பழுத்த பிறகு, ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு காய். முக்கியமாகப் பள்ளத்தின் அடியில், தண்ணீரில் நிற்கும் செடிகள். வண்டுக்கு வரப்பு தெரியாது. வயலை ஒட்டி நிற்பவை பல வருடத்தில் நம் கத்தரியோடு கலந்து போயிருக்கலாம். நல்லது கெட்டது பார்க்காதீர்கள், இருப்பதை அப்படியே அனுப்புங்கள். இதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

அன்புடன்
குருவி


ஜூலை 15

குருவிக்கு,

கடுதாசி வந்துச்சு, நீ சௌக்கியம்னு தெரிஞ்சு வயிறு குளுந்துச்சு. இங்க எனக்கு முட்டிவலி மட்டும்தான், அது வீட்டு ஆளு மாதிரி ஆயிடுச்சு, வரவும் சொல்ல வேண்டாம் போகவும் சொல்ல வேண்டாம்.

உன் கடுதாசியச் சத்தமாத்தான் படிச்சேன். எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள விளக்குல எண்ணெய் தீந்துடுச்சு. அவரு கவுந்து படுத்திருந்தாரு. ‘ஒரே ஒரு செடி’ங்கற இடம் வந்ததும் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி ஆளக் காணோம். தேடிக்கிட்டுப் போனா பள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நிக்கறாரு. “என்னங்க பண்றீங்க?”ன்னா, “எண்ணிப் பாக்கறேன்”னாரு. குருவி, வாயத் தொறந்து பேசினாரு! எண்ணி முடிச்சாரான்னா இல்ல. முள்ளு குத்தினதுல எண்ணிக்கை மறந்து மறுபடி முதல்ல இருந்து. மேல வந்தப்போ கையெல்லாம் கீறல். “என்ன முள்ளுடி இது, இலைக்கு அடியில கூட வச்சிருக்கு”ன்னாரு. குறை சொல்ற மாதிரி இல்ல, பிள்ளை பரிட்சையில பாஸானத சொல்ற மாதிரி இருந்துச்சு.

இப்ப தினமும் அதான் வேலை. பள்ளத்தச் சுத்திக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருக்காரு. தையல்காரி ஆட்டுக்காகவாம். “அந்த ஆடு செத்தாலும் இந்தப் பக்கம் வராது, நீங்க யாருக்குக் கட்டறீங்க?”ன்னு கேட்டேன். அவரு வாய் ஒரு ஓரமா சிரிச்சுச்சு, நான் பாத்தேன்.

காய் இன்னும் பச்சைதான். கோலிகுண்டு அளவு இருக்கு. பழுக்க நாளாகும்.

சூளைக்காரரு இடத்த விக்கப் போறாருன்னு ஒரு பேச்சு. அவரு நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து வித்துக்கிட்டுத்தான் இருக்காரு. வாங்கற ஆளு வரும், வெயிலப் பாக்கும், குழியப் பாக்கும், குடை விரிச்சுக்கிட்டுப் போயிடும். நீ அதப் பத்தி நினைக்காத.

வெயில்ல நின்னு வேலை செய்யறப்போ தலையில துணி போட்டுக்க.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் முட்டிக்கு ஒரு தைலம் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் பேசினார் என்று படித்ததும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன்.

இங்கிருந்த அந்த ஒரு செடி போய்விட்டது. நோயில் இல்லை. வேர் அழுகல். கண்ணாடிக் கூடத்தில் நீர் பாய்ச்சும் குழாய் விடுமுறை நாளில் திறந்தபடி கிடந்திருக்கிறது. யாரையும் திட்ட முடியவில்லை. கடைசியாக எடுத்த மகரந்தம் ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. அதை வைத்துத் தினமும் காலையில் தடவிக்கொண்டிருக்கிறேன். அது தீரும்வரைதான். அதற்குள் அங்கிருந்து விதை வந்தால் தொடர்ந்து செய்யலாம். டாக்டரம்மாவுக்கு இந்த வருட முடிவில் ஓய்வு. அவர் போகும்போது கையில் ஒன்றும் இல்லையென்றால் இந்த வேலையை நிறுத்திவிட்டு எங்களைத் தக்காளிக்கு மாற்றிவிடுவார்கள்.

நானே வந்து எடுக்கலாம் என்று நினைத்தேன். வரப் போக நாலைந்து நாள். பூ எனக்காகக் காத்திருக்காது அண்ணி. நீங்கள்தான் என் கை.

சூளைக்காரர் விஷயத்தை உண்மையாகவே விசாரியுங்கள். காய் பழுக்க ஆரம்பித்தால் எல்லாம் பழுக்கட்டும் என்று நிற்க வேண்டாம். முன்பு எழுதியதையே மறுபடி எழுதுகிறேன், எல்லாச் செடியிலும் எடுங்கள், நல்லது கெட்டது பார்க்காதீர்கள்.

அன்புடன்
குருவி


ஆகஸ்ட் 27

குருவிக்கு,

நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். தைலம் வந்துச்சு, வாசனை தெருவே மணக்குது, வலி அப்படியே இருக்கு. இதோட ஒரு பொட்டலம் வரும் பாரு, அதுக்குள்ள பவுடர் டப்பா, அதுக்குள்ளதான் நீ கேட்டது. இப்ப நிதானமா உக்காந்து படி, கதை பெருசு.

சூளைக்காரரு இந்தத் தடவ நிஜமாவே வித்துட்டாரு. வாங்கினவரு குடை கொண்டு வரல, லாரி கொண்டு வந்துட்டாரு. பள்ளத்த ரொப்பி குடோன் கட்டப் போறாராம். திங்கட்கெழமை காலையில தடதடன்னு சத்தம், போய்ப் பாத்தா புல்டோசர் நிக்குது. உங்கண்ணன் நட்ட கம்பு, கயிறு எல்லாம் அதுக்கு அடியில. அவரு அது முன்னாடி நிக்கறாரு. கையில துண்டு, அதப் பிழியறாரு. நான்தான் ஓடினேன்.

டிரைவர் தம்பி நல்ல மாதிரி. “ஏந்தம்பி, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?”ன்னேன். “எனக்கு மண்ணத் தள்ளுன்னுதான் உத்தரவு அக்கா. என்ன வச்சிருக்கீங்க உள்ள, புதையலா?”ன்னு கேட்டாரு. “கத்தரிக்கா”ன்னேன். கீழ குனிஞ்சு பாத்தாரு, முள்ளப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. “இதையா திம்பீங்க?”ன்னாரு. நான் உன் கதை மொத்தமும் சொன்னேன், நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாம புளியமரத்துல ஏறி உக்காந்ததுல இருந்து ஆரம்பிச்சேன், அதனாலதான் குருவின்னு பேரு வந்துச்சுன்னும் சொன்னேன். அவருக்கு எதுக்கு அதெல்லாம்னு உங்கண்ணன் முறைக்கறாரு. ஆனா நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள டிரைவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு. “சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடறேன். எந்திரிச்சதும் தள்ளிடுவேன், அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க”ன்னு வண்டிக்கு அடியில துண்ட விரிச்சுட்டாரு.

அந்தத் தூக்கத்துலதான் குருவி எல்லாம் பறிச்சோம். உங்கண்ணன் அடிப்பள்ளத்துல தண்ணிக்குள்ள, நான் மேல வரப்பு ஓரம். நீ சொன்ன மாதிரி ஒரு செடி விடல. அவரு கை ரத்தமா போச்சு. நான் நின்ன பக்கம் அவ்வளவு மோசம் இல்ல, முள்ளும் கம்மி, காயும் பெருசு, எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூட இருந்துச்சு. தையல்காரியும் வந்து பறிச்சா. “எங்க ஆட்டு உதட்டுக்கு இதுதான் நஷ்டஈடா?”ன்னு பேசிக்கிட்டே பறிச்சா.

வண்டி மறுபடி கிளம்பினப்போ நாங்க வீட்டுக்கு வந்துட்டோம். நான் திரும்பிப் பாக்கல. அவரு பாத்துக்கிட்டு நின்னாரு.

அப்புறம் நசுக்கி, கழுவி, நிழல்ல காயப்போட்டேன். காஞ்சதும் பாத்தா எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவரு அடிப்பள்ளத்துல எடுத்ததெல்லாம் பொடிப்பொடியா, கறுத்துப்போய், சூம்பிப்போய் கெடக்கு. இதையா அனுப்பறது? நீ நல்லது கெட்டது பாக்காதீங்கன்னு ரெண்டு தடவ எழுதியிருந்த. எனக்குத் தெரியாதா உன்ன? வீட்டுக்கு வந்தாலும் ‘இருக்கறதப் போடுங்க அண்ணி, எதுக்குச் சிரமம்’னுதான் சொல்லுவ. அதுக்காக இருக்கறதப் போட்டுடுவேனா? பொறந்த வீட்டுல இருந்து போற பொருளு. நாலு பெரிய மனுஷங்க பாக்கற எடம். டாக்டரம்மா மூடியத் தொறந்து பாத்துட்டு, ‘இதுதானா உங்க வீட்டு லட்சணம்’னு கேட்டுட்டா உனக்கு எப்படி இருக்கும்?

முறத்துல போட்டுப் புடைச்சேன். சூம்பினது, பொடிசு எல்லாம் பறந்துடுச்சு. அப்புறம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். கழுத்து பிடிச்சுக்கிச்சு. ஆனா இப்ப டப்பாவத் தொறந்து பாரு, ஒரு விதை சோடை இருக்காது. எல்லாம் திரட்சியா, மஞ்சளா, ஒண்ணு போல.

பத்திரமா வந்துச்சான்னு உடனே எழுது. உங்கண்ணன் கேக்கச் சொன்னாரு.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். டப்பா வந்து சேர்ந்தது. அண்ணனின் கை எப்படி இருக்கிறது? புண் ஆறும்வரை தண்ணீரில் வைக்க விடாதீர்கள்.

எவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள். டாக்டரம்மா விதையை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்தார். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

ஒன்று கேட்க வேண்டும், பதறாதீர்கள், சும்மாதான் கேட்கிறேன். புடைத்துத் தள்ளிய அந்தப் பொடி விதைகளை என்ன செய்தீர்கள்? முறத்தடியில், வாசலில், எங்காவது கொஞ்சம் கிடக்குமா?

குருவி


செப்டம்பர் 30

குருவிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம், ஆட்டு உதடு உட்பட. உங்கண்ணன் கை ஆறிடுச்சு. நீ ஏன் இத்தனூண்டு கடுதாசி எழுதற? மையி தீந்துடுச்சா?

விதை நல்லபடியா சேந்ததக் கேட்டு அவரு அன்னிக்கு ரெண்டு தடவ சாப்பிட்டாரு.

அந்தக் குப்பையா? அத ஏன் கேக்கற? வெந்நீர் அடுப்புல கொட்டிட்டேன். அதுக்கு என்ன வீம்பு தெரியுமா, நெருப்புல விழுந்ததும் படபடன்னு வெடிக்குது! உங்கண்ணன் கூட என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தாரு. வாசலையும் நல்லாக் கூட்டிட்டேன். குப்பைய அப்படியே போட்டு வைக்கறவளா நான்?

இன்னொரு சேதி. குடோன்காரரு எங்க வயலையும் கேட்டாரு. லாரி திரும்ப எடம் வேணுமாம். வீட்டுக்கே வந்து, நாற்காலியில உக்காந்து, நல்ல விலையாத்தான் கேட்டாரு. போன வருஷமா இருந்தா உங்கண்ணன் ரெண்டு கையாலயும் குடுத்திருப்பாரு. அன்னிக்கு நிமிந்து உக்காந்துக்கிட்டு, “என் தங்கச்சி ஒரு கத்தரி கொண்டு வர்றா. அது இந்த மண்ணுலதான் நிக்கணும்”னாரு. வந்தவரு சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. சிரிக்கட்டும்.

அது சீக்கிரத்துல வராது, வருஷக்கணக்காகும்னு உனக்காக நானே உங்கண்ணன்கிட்ட சொன்னேன். “ஆகட்டும், மண்ணு எங்க போகப் போகுது?”ன்னாரு.

உனக்கு அனுப்பினதுல ஒரு சிட்டிகை நான் எடுத்து வச்சேன், கோவிச்சுக்காத. நாங்களும் வயல்ல போட்டுப் பாக்கப் போறோம்.

உடனே பதில் போடு.

அண்ணி


நவம்பர் 20

குருவிக்கு,

உடம்புக்கு என்ன? ஏன் பதில் இல்ல? தபால்காரரு எங்க வீட்டு வாசல் வந்தா சைக்கிள வேகமா மிதிக்கறாரு, என் முகத்தப் பாக்க முடியலையாம். காய்ச்சல் கீய்ச்சல்னா மறைக்காத, உங்கண்ணன் அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பிடுவாரு.

நாங்க போட்ட விதை முளைச்சிருக்கு! ஒண்ணு பாக்கியில்ல, அத்தனையும். நாத்து எடுத்து வயல்ல நட்டாச்சு. நீ பாத்தா அசந்து போவ. முள்ளே இல்ல குருவி. இலைய எடுத்துக் கன்னத்துல வச்சுக்கலாம், அவ்வளவு மெத்துன்னு இருக்கு. நீங்க படிச்சவங்க இடுக்கி வச்சு வருஷக்கணக்கா பண்றத நம்ம வரப்பு வண்டுங்களே பண்ணி முடிச்சுடுச்சுன்னு நினைக்கறேன். டாக்டரம்மாகிட்ட சொல்லு, சிரிப்பாங்க.

இதக் காட்டறேன்னு உங்கண்ணன தடவிப் பாக்கச் சொன்னேன். இலைக்கு அடியில விரல வச்சாரு. மறுபடி வச்சாரு. “என்னங்க?”ன்னேன். “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு”ன்னுட்டு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

அங்க உன் செடி எப்படி இருக்கு? அத மட்டுமாவது ஒரு வரி எழுது.

அண்ணி


டிசம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்பட வைத்துவிட்டேன், மன்னியுங்கள். எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

இங்கே நல்ல குளிர். என் அறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். டாக்டரம்மாவுக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. மறுநாள் தன் மேசையைத் துடைத்துவிட்டுப் போகும்போது அந்த மகரந்தக் குப்பியைக் கழுவி என்னிடம் கொடுத்தார். அதில் ஊசி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து எனக்குத் தக்காளி.

நீங்கள் அனுப்பியவை இங்கேயும் அத்தனையும் முளைத்தன. மிக அழகாக இருந்தன. நோய் மண் நிரப்பிய தட்டுகளில் நட்டோம். இப்போது தட்டுகளைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டோம்.

அண்ணனிடம் நிலத்தைப் பற்றி இன்னும் ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். என்னை நம்பி வைத்திருக்க வேண்டாம். இதைக் கோபமாகச் சொல்லவில்லை.

முள்ளுக்கத்தரி விதை மண்ணுக்குள் பல வருடம் தூங்கும் என்பார்கள். நிரப்பிய மண்ணின் ஓரத்தில், மழைக்குப் பிறகு ஏதாவது பச்சையாகத் தெரிந்தால் இலையின் அடியைத் தடவிப் பாருங்கள். முள் குத்தினால் எனக்கு எழுதுங்கள். எந்த வருடமானாலும் எழுதுங்கள். நான் எந்த வேலையில் இருந்தாலும் வந்துவிடுவேன்.

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை அண்ணி.

குருவி


ஜனவரி 18

குருவிக்கு,

இங்க நாங்க இருக்கோம். நீ நல்லா இரு. ஜன்னலுக்குக் கண்ணாடி போடச் சொல்லு, அட்டை நிக்காது.

போன வாரம் மத்தியானம் வயலுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போனேன். அவரு வரப்புல உக்காந்திருந்தாரு. செடியெல்லாம் தலை தொங்கிக் கெடக்கு. பச்சையாவே. நான் சாப்பாட்டுத் தூக்க அவரு பக்கத்துல வச்சுட்டு உக்காந்தேன். நானே ஒரு தண்ட ஒடிச்சு, தண்ணி கொண்டு போன டம்ளர்ல வச்சேன். பால் மாதிரி எறங்குச்சு.

அங்கயும் இப்படித்தானே ஆச்சு? நீ பதில் எழுத வேண்டாம். கடைசி கடுதாசியில, கடைசி வரியில நீ எழுதினது இருக்கே, யாரும் கேக்காத கேள்விக்கு யாராவது பதில் எழுதுவாங்களா? அப்பவே எனக்கு வெளங்கிடுச்சு. அடுப்புல படபடன்னு வெடிச்ச சத்தம் அன்னிக்கு ராத்திரி பூரா காதுல கேட்டுச்சு.

குடோன் சுவர் எழும்பிடுச்சு. வயல் பக்கத்துச் சுவர நல்ல உசரமா வச்சுட்டாங்க, மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு வெயிலே கிடையாது. லாரிக்குக் குடோன்காரரு அந்தப் பக்கமா வழி விட்டுட்டாரு. இப்ப எங்க நிலத்த அவரு கேக்கறதில்ல. நாங்களா போய்க் கேட்டதுக்கு, ‘பாக்கலாம்’னாரு.

உங்கண்ணன் மறுபடி பேசறத நிறுத்திட்டாரு. ஆனா வீட்டுல படுத்துக் கெடக்கல. மழை பெஞ்ச மறுநாள் விடியறப்போ எந்திரிச்சுப் போயிடறாரு. சுவருக்கும் வரப்புக்கும் நடுவுல ஒரு முழம் எடம் விட்டிருக்காங்க, அந்தப் பள்ளத்து மண்ணு கொஞ்சம் அங்க சிதறிக் கெடக்கு. அதுல குந்தி உக்காந்துக்கறாரு. எது பச்சையா தலை நீட்டினாலும் குனிஞ்சு, இலைக்கு அடியில விரல விட்டுத் தடவறாரு. முந்தாநாள் நானும் பின்னாலயே போய் நின்னேன். முள்ளு குத்தணும்னு கைய நீட்டற மனுஷன நீ பாத்திருக்கியா? தடவிட்டு விரலப் பாக்கறாரு. துண்டுல தொடைச்சுக்கறாரு. அடுத்த செடிக்கு நகர்றாரு.

தையல்காரி ஆடு அந்தப் பக்கமா மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. எதையும் பயப்படாம தின்னுச்சு.

உனக்குத் தக்காளி வேலை ஒத்துக்கும். லீவு கெடைச்சா ஒரு தடவ வந்துட்டுப் போ. எதுவும் வாங்கிட்டு வர வேண்டாம், வந்தா போதும். இந்தத் தடவ இருக்கறதத்தான் போடுவேன்.

அண்ணி